கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு எழுதுங்கள்
ஃபார்மசி படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

அமெரிக்காவில் ஃபார்ம்.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் கோடை வந்தால் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஆன்ட்டி, பர்சனல் ஸ்டேட்மென்ட்டை எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?” நியூ ஜெர்சியில் கடைக் கவுன்ட்டரிலும் மருத்துவமனையிலும் ஃபார்மசிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் கொண்டுவரும் கட்டுரைகளைப் படித்துப் படித்து ஓர் எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டிருக்கிறது. எழுத வராமல் தவிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபார்மசிக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் இன்னும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு எழுத்து தானாக வருகிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

1. முதலில் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஃபார்ம்கேஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். அமெரிக்க ஃபார்மசி கல்லூரிகளின் சங்கம் நடத்துவது அது. அது கேட்பது மூன்று விஷயங்கள். ஏன் ஃபார்மசியைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்தப் பட்டம் உங்கள் உடனடி இலக்குக்கும் நெடுங்கால இலக்குக்கும் எப்படிப் பொருந்துகிறது? உங்கள் வாழ்க்கையும் படிப்பும் வேலையும் அதற்கு எப்படித் துணை நிற்கும்? வருகிற கட்டுரைகளில் பாதி முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

இடமும் கொஞ்சம்தான். இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துகள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 700 சொற்கள் வரும். ஒரே கட்டுரைதான் எல்லாக் கல்லூரிகளுக்கும் போகிறது, அனுப்பிய பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. ஆகவே அதில் எந்தக் கல்லூரியின் பெயரையும் எழுதாதீர்கள். “உங்கள் கல்லூரியில்தான் சேர வேண்டும்” என்பதைச் சொல்ல, கல்லூரிகள் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகள் இருக்கின்றன. பள்ளி முடித்ததும் நேராக ஆறாண்டுப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் ரட்கர்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களுக்கு வழி வேறு, கேள்வியும் வேறு. எதற்கு எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

2. இந்தக் கட்டுரைக்கு முன்பைவிட இப்போது கனம் அதிகம். பிகேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. 2024 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். கல்லூரி கையில் இப்போது இருப்பவை உங்கள் மதிப்பெண்கள், பரிந்துரைக் கடிதங்கள், இந்தக் கட்டுரை, பிறகு நேர்காணல். நேர்காணலில் உட்காரும் பேராசிரியர் கையிலும் பெரும்பாலும் இந்தக் காகிதம் இருக்கும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வாயால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

3. எழுதும் முன் ஒரு ஃபார்மசிக்குள் போய் நில்லுங்கள். என் அறிவுரைகளில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

டெக்னீஷியனாகப் பகுதிநேர வேலை கிடைத்தால் மிகவும் நல்லது. எந்த வயதில் சேரலாம், எங்கே பதிய வேண்டும், என்ன பயிற்சி வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில ஃபார்மசி போர்டின் விதியைப் பாருங்கள். வேலை கிடைக்காவிட்டால், ஃபார்மசிஸ்ட்டுடன் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரிய சங்கிலிக் கடைகளில் மேலிடத்து ஒப்புதல் என்று இழுக்கும். தனியார் ஒருவர் நடத்தும் சின்னக் கடையில் அந்த முதலாளியே ஃபார்மசிஸ்ட்டாகவும் இருப்பார், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

போய் நின்றால் என்ன தெரியும்? மாலை நாலு மணிக்கு மேல் வேலை முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பக்கம் தொலைபேசி, ஒரு பக்கம் காரிலேயே வந்து வாங்கும் ஜன்னல். டெக்னீஷியன் தட்டில் மாத்திரையைக் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ் “முடியாது” என்று திருப்பி அனுப்பியிருக்கும். டாக்டர் முன் அனுமதி வாங்கித் தர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியவைக்க வேண்டும். அந்த நோயாளிக்கோ கையில் இருக்கும் மாத்திரை இன்றோடு தீர்கிறது.

இதற்கு நடுவில்தான் ஃபார்மசிஸ்ட்டின் உண்மையான வேலை நடக்கும். ஒரு பெரியவர் பாக்ட்ரிம் சீட்டு கொண்டுவருகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு அவசரப் பிரிவில் எழுதிக் கொடுத்தது. அவருடைய பழைய கணக்கைத் திறந்தால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்று தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடும், உள்ளே ரத்தக் கசிவு வரலாம். திரையில் எச்சரிக்கை வரும். அப்படிப்பட்ட எச்சரிக்கை நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும், பல அலட்சியப்படுத்தக்கூடியவை. இது அப்படியில்லை என்று அந்த நொடியில் அறிந்து, எண்ணுகிற கையை நிறுத்தச் சொல்லி, டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து, வேறு மருந்து எழுத வைத்து, காத்திருக்கும் பெரியவரிடம் பயமுறுத்தாமல் விஷயத்தைச் சொல்கிறாரே, அதுதான் இந்தத் தொழில். வெளியே நிற்பவருக்கு “இன்னும் இருபது நிமிஷமா?” என்ற எரிச்சல் மட்டுமே தெரியும். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற உங்களுக்கு அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடந்தது என்று தெரியும். அதைத் தேர்வுக்குழுவிடம் சொல்லுங்கள்.

4. பார்த்ததை அன்று இரவே குறித்து வையுங்கள். நாலைந்து வரி போதும். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், என்ன கேட்டேன், என்ன பதில் கிடைத்தது. “மனம் நெகிழ்ந்தது” என்பதை எழுதவே வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அதில் ஒன்றும் இருக்காது. “இன்ஹேலரை எப்படி இழுப்பீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார், அந்த அம்மா மூச்சை வெளியே விடாமலே அழுத்தினார்” என்று குறித்து வைத்தால் ஒரு முழுப் பத்தி அதிலிருந்து வரும்.

ஆனால் பெயர் எழுதக் கூடாது. நோட்டிலும் கூடாது, கட்டுரையிலும் கூடாது. நோயாளியின் தகவலைக் காப்பது 1996-இல் வந்த ஹிப்பா சட்டப்படி கடமை. பெயரை விட்டுவிட்டு ஊரையும் வயதையும் அரிய நோயையும் எழுதினால் அதுவும் அடையாளம்தான். இன்னார் என்று தெரியாதபடி எழுதத் தெரிவதே, இந்தப் பிள்ளையை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்பதற்கு ஒரு சான்று.

5. “எனக்கு வேதியியல் பிடிக்கும், மக்களுக்கு உதவப் பிடிக்கும், அதனால் ஃபார்மசி.” இந்த வரியை எத்தனை பேர் எழுதுகிறார்கள் தெரியுமா! பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் போதாது. ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் வாக்கியத்தில் ஃபார்மசிஸ்ட் என்ற இடத்தில் நர்ஸ் என்று போட்டுப் பாருங்கள், பிறகு டாக்டர் என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அதை அடித்துவிடுங்கள். மேலே சொன்ன வார்ஃபரின் கதையில் நர்ஸ் என்று போட முடியாது. அப்படிப்பட்ட வாக்கியங்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. தாத்தா பாட்டி கதையை எழுதலாம், ஆனால் மருந்தோடு எழுதுங்கள். நம் பிள்ளைகள் பலரும் பாட்டியின் மாத்திரை டப்பாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாட்டிக்குச் சர்க்கரை, பாட்டி பட்ட பாடு, பாட்டி இறந்தார், அன்றே முடிவு செய்தேன். அன்பு தெரிகிறது, ஃபார்மசி தெரியவில்லை.

இதே வீட்டுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதம் தங்க வரும் பாட்டியின் பெட்டியில் பாதி இடம் மருந்துக்குத்தான். அதில் டோலோ 650 அட்டை இருக்கும். பாராசிட்டமால் என்று அட்டையில் போட்டிருப்பதை இந்த நாட்டில் அசிட்டமினோஃபென் என்பார்கள். இரவில் சளிக்காக நைக்வில் கொடுத்தால் அதிலும் அதே மருந்து இருக்கிறது. மூட்டு வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் டைலனால் கொடுத்தால் அதுவும் அதே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம், மூன்று பெயர்களில் ஒரே மருந்தைச் சாப்பிட்டு அந்த வரம்பைத் தாண்டுவது சுலபம், அடிபடுவது கல்லீரல். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே கையில் வைத்துக் காலையில் விழுங்குவார் பாட்டி. நாலு மணி நேர இடைவெளி விடாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஊரில் ஈக்கோஸ்ப்ரின் 75, இங்கே ஆஸ்பிரின் 81, “இது வேற மாத்திரை, எனக்கு வேண்டாம்” என்பார்.

இதையெல்லாம் தமிழில் பாட்டிக்கும் ஆங்கிலத்தில் ஃபார்மசிஸ்ட்டுக்கும் எடுத்துச் சொன்ன பிள்ளை நீங்கள் என்றால், அட்டைகளை மேஜையில் பரப்பி மூலப்பெயர் பார்த்துப் பட்டியல் போட்டவர் நீங்கள் என்றால், அதை எழுதுங்கள். இரண்டு நாட்டு மருந்துப் பெயர்களுக்கு நடுவில் நின்று ஒரு பாட்டியின் கல்லீரலைக் காப்பாற்றிய அனுபவம் வகுப்பில் எல்லோருக்கும் இருக்காது. மொழி தெரிந்த ஃபார்மசிஸ்ட்டின் தேவை இந்த நாட்டில் எவ்வளவு என்று நான் கண்ணால் கண்டவள்.

7. டாக்டராக முயன்று கிடைக்காமல் இந்தப் பக்கம் வருகிறீர்களா? தவறில்லை. என்னோடு வேலை பார்த்த மிக நல்ல ஃபார்மசிஸ்ட்களில் அப்படி வந்தவர்கள் உண்டு. ஆனால் எதைவிட்டு வந்தீர்கள் என்பதைப் புலம்பாதீர்கள், எதைப் பார்த்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதை மறைக்கவும் வேண்டாம், உங்கள் பாடப் பட்டியலைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரியும்.

8. இலக்கு எழுதும்போது தொழிலின் இன்றைய நிலை தெரிந்து எழுதுங்கள். நல்லதும் கெட்டதும் தெரிய வேண்டும்.

கெட்டதை முதலில் சொல்கிறேன். 2023 இலையுதிர் காலத்தில் சங்கிலிக் கடைகளின் ஃபார்மசிஸ்ட்கள் பல ஊர்களில் வேலைப்பளு தாங்காமல் வெளிநடப்பு செய்தார்கள். ஆள் குறைவு, ஊசி போடும் வேலை கூடுதல், தவறு நடந்தால் உயிர். கடைகள் மூடப்படுகின்றன. நான்காண்டுப் படிப்புக் கடன் சிறியதில்லை. இதெல்லாம் தெரிந்தும் வருகிறேன் என்ற தெளிவு எழுத்தில் தெரியும், தெரியாமல் வருகிறவரின் எழுத்தும் தெரியும்.

நல்லதும் நிறைய. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்ல முன்வருவதை, மெடிக்கெய்டு பயனாளிகளை முன்னிட்டு 1990-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கடமையாக்கியது. அதன் பிறகு மாநிலங்கள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் அதை விரிவுபடுத்தின. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் 1990-களில் நகராட்சி ஊழியர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களை ஃபார்மசிஸ்ட்கள் தவறாமல் சந்தித்துப் பேசினார்கள். சர்க்கரையும் கட்டுப்பட்டது, மருத்துவச் செலவும் குறைந்தது. ஒரு முறை தேடிப் படித்துப் பாருங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஃபார்மசிஸ்ட்கள் தாங்களே மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நின்றவரை மீட்கும் நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயை 2023-இல் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தார்கள். அதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கும்படி வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் தேவை. படிப்புக்குப் பின் ஓராண்டு ரெசிடென்சி, மருந்துக் கம்பெனிகளில் ஃபெலோஷிப், அரசு ஒழுங்குமுறை வேலை என்று வழிகள் பல.

இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் அது என்றும் சொல்லுங்கள். நாளைக்கு மனம் மாறினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். “சுகாதாரத் துறையில் மாற்றம் கொண்டுவருவேன்” என்பதைவிட “ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுக்கான கிளினிக்கில் வேலை பார்க்க விரும்புகிறேன்” என்பது எவ்வளவோ மேல்.

9. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியிருந்தால் இரண்டு வாக்கியம். என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள். மூன்றாவது வாக்கியம் வேண்டாம்.

10. முதல் வாக்கியத்தைக் கடைசியில் எழுதுங்கள். வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அருமையான தொடக்கத்தைத் தேடுவதில் ஒரு மாதத்தைக் கழிக்கிறார்கள் பிள்ளைகள். நோட்டில் இருக்கும் குறிப்புகளில் உங்களை மறுபடி மறுபடி யோசிக்க வைத்தது எதுவோ, அதை நடுவிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். அளவு பார்க்காமல் எழுதுங்கள், 9,000 எழுத்து வந்தாலும் வரட்டும். பிறகு வெட்டலாம். தொடக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

அப்துல் கலாம் பொன்மொழியோடு ஆரம்பிக்காதீர்கள். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இருக்கும் இடமே 4,500 எழுத்து, அது முழுக்க உங்களுக்கு வேண்டும்.

11. பிறர் எழுதித் தருவதை அனுப்பாதீர்கள். காசுக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்ட நொடியில் எழுதித் தரும் ஏ.ஐ.யும் இருக்கிறது. நீங்களே எழுதியது என்று உறுதிமொழி கொடுத்துத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறீர்கள். மருந்துச் சீட்டின் மேல் தன் கையொப்பத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்கும் தொழிலுக்குள் நுழைகிறவர், முதல் கையொப்பத்தையே பொய்யாகப் போடலாமா? எழுத்துப்பிழை பார்க்க உதவி கேளுங்கள். நினைப்பதும் எழுதுவதும் உங்களுடையதாக இருக்கட்டும்.

12. இரண்டு பேரிடம் காட்டுங்கள், பத்துப் பேரிடம் வேண்டாம். ஒருவர் ஃபார்மசிஸ்ட், மருந்து விஷயம் சரியா என்று பார்க்க. இன்னொருவர் உங்களை நன்றாக அறிந்தவர், இது நீங்கள்தானா என்று சொல்ல. பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எதுவும் அந்தப் பெட்டியில் நிற்காது. பத்திக்குப் பத்தி ஒரு வரி இடம் விட்டால் போதும்.

13. இந்தியாவில் பி.ஃபார்ம். முடித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2003-க்குப் பிறகு நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் வெளிநாட்டு ஃபார்மசிஸ்ட்களுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழுக்குத் தகுதி பெறுவதில்லை, ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும். அதனால் பலர் இங்கே மறுபடியும் ஃபார்ம்.டி.க்கு விண்ணப்பிக்கிறீர்கள். அந்த வலி எனக்குப் புரியும். ஆனால் கட்டுரையில் ஊரைக் குறை சொல்லி இந்த நாட்டைப் புகழாதீர்கள். ஊர் மெடிக்கலில் நின்றபோது சீட்டில்லாமல் இரண்டே இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வந்தவரிடம் என்ன சொன்னீர்கள், தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பேட்ச் தள்ளப்பட்டபோது என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள். இங்கே பிறந்து வளர்ந்தவரிடம் அது இல்லை.

14. அப்பா அம்மாக்களே, கட்டுரையை நீங்கள் திருத்தாதீர்கள். “இதையும் சேர்”, “பரதநாட்டிய அரங்கேற்றத்தைச் சேர்” என்று சொல்லாதீர்கள். பாட்டு, நடனம், ஸ்பெல்லிங் பீ எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் வேறு இடம் இருக்கிறது. பிள்ளையைக் கடையில் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்ததும் கூட்டி வாருங்கள். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

15. ஃபார்ம்கேஸ் கோடையில் திறக்கிறது. கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி வேறு, ஆனால் பல இடங்களில் விண்ணப்பங்கள் வர வர இடம் நிரப்புகிறார்கள். கோடையில் எழுத வேண்டுமென்றால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். ஆகவே இந்த வாரமே உங்கள் ஊரில் ஒரு சின்னக் கடைக்குப் போய்க் கேளுங்கள். திங்கட்கிழமை காலையிலும் மாலை நாலு மணிக்கு மேலும் போகாதீர்கள், கூட்டம் இருக்கும். மதியம் இரண்டு மணி வாக்கில் போங்கள். கையில் ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.